‘பிங்-பாங்’: ஓசை பெயரான கதை

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்பதும், ஆண்டுக் கணக்கு முடிக்கும் வேலையைக் காட்டி நான் நழுவிவிடுவதும் சில ஆண்டுகளாக நடந்துவரும் சடங்கு. இம்முறை நழுவ இயலவில்லை. “உங்களுக்குத் தெரிந்த ஏதாவது ஒன்றை எழுதுங்கள்” என்று கூறிவிட்டார்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு ரெயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்த எனக்குத் தெரிந்தவை இரண்டே. ஒன்று, பார்சல் அலுவலகத்துப் பதிவேடுகள். மற்றொன்று, மாலை வேளைகளில் ரெயில்வே இன்ஸ்டிட்யூட்டில் ஆடும் மேசைப் பந்தாட்டம். பதிவேடுகளைப் பற்றிப் படிக்க எவரும் விரும்பமாட்டார்கள். ஆதலால் இரண்டாவதைப் பற்றி, அதிலும் அவ்வாட்டத்திற்கு வழங்கும் ‘பிங்-பாங்’ என்னும் ஆங்கிலப் பெயரைப் பற்றி எழுதத் துணிந்தேன்.

விளையாட்டுப் பெயர்தானே, இதில் என்ன வரலாறு இருக்கப்போகிறது என்று அன்பர்கள் எண்ண வேண்டா. இச்சொல் ஓசையிலிருந்து பிறந்தது. பிறந்த உடனேயே ஒரு வாணிக நிறுவனத்தின் சொத்தாகியது. சொத்தானதாலேயே தன் ஆட்டத்தைவிட்டு விலக்கப்பட்டது. பிறகு தன்னைப் பெற்ற ஓசையையும் இழந்தது. அந்த ஓசை மறைந்த இடம், நாம் பிழைக்க வந்து குடியேறியிருக்கும் இந்தப் பம்பாய் மாநகரமே. இதை அறிந்த நாளிலிருந்து எவரிடமாவது சொல்ல வேண்டும் என்று எனக்கு ஓர் ஆவல் இருந்துவந்தது.

முதலில் சொல்லின் அமைப்பைச் சிறிது பார்ப்போம். காதில் விழுந்த ஓசையைப் போலவே வாயால் ஒரு சொல்லை ஆக்கிக்கொள்வது எல்லா மொழியினருக்கும் உரிய இயல்பு. நம் மொழியில் நீர் சலசலக்கிறது, சலங்கை கலகலக்கிறது, பாலத்தின்மேல் வண்டி தடதடக்கிறது. நம் இலக்கணத்தார் இவற்றுக்கு இரட்டைக்கிளவி என்று பெயரிட்டனர். பிரித்தால் பொருள் தாரா என்றும் கூறினர். நம்முடைய இரட்டைக்கிளவியில் இரு பாதிகளும் ஒரே அச்சில் வார்த்தவையாக இருக்கும். ஆங்கிலத்திலோ பெரும்பாலும் உயிரொலி மாறிவிடும். மணி ‘டிங்-டாங்’ என்று ஒலிக்கும். கடிகாரம் ‘டிக்-டாக்’ என்று ஓடும். முன்னே இகரம், பின்னே வாய் திறந்து ஒலிக்கும் ஓர் உயிர். இந்த வரிசை தலைகீழாவதில்லை. ‘டாங்-டிங்’ என்று எந்த ஆங்கிலேயரும் சொல்லார். மெல்லிய கூரிய ஒலிக்கு இகரமும், சற்றே பருத்த ஒலிக்கு மற்றதும் பொருந்துவதாக அவர்தம் செவி கொண்டது போலும். ‘பிங்-பாங்’ இந்த அச்சில் வார்த்ததே.

இதில் முன்பாதியான ‘பிங்’ மூத்தது. துப்பாக்கிக் குண்டு காற்றைக் கிழித்துக்கொண்டு செல்லும் கீச்சொலியைக் குறிக்க அச்சொல் 19ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் வழங்கியது. போர்க்களத்துச் சொல் வீட்டுக் கூடத்துக்கு வந்த விதத்தைக் காண்போம்.

இங்கிலாந்தில் 1870களில் புல்தரை டென்னிஸ் பெருவழக்காயிற்று. மழையும் குளிருமான அந்நாட்டில் அதை எல்லா நாளும் ஆட இயலாது. எனவே இராவுணவு முடிந்தபின் சாப்பாட்டு மேசையையே ஆடுகளமாக்கிக்கொள்ளும் எண்ணம் செல்வர் வீடுகளில் எழுந்தது. 1890ஆம் ஆண்டில் டேவிட் ஃபாஸ்டர் என்பவர் மேசைமேல் ஆடும் டென்னிஸுக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டே லண்டனின் புகழ்பெற்ற விளையாட்டுப் பொருள் நிறுவனமான ஜேக்ஸ் நிறுவனத்தார் ‘காஸிமா’ என்ற பெயரில் ஓர் ஆட்டத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். இரண்டும் நன்கு விலைபோகவில்லை. குற்றம் பந்தினுடையது. ரப்பர்ப் பந்து தறிகெட்டுத் துள்ளியது. தக்கைப் பந்து துள்ளவே மறுத்தது.

மட்டையைப் பற்றியும் இங்கே கூறிவிட வேண்டும். அக்காலத்து மட்டைகளுள் ஒருவகை, வட்டச் சட்டத்தின்மேல் மெல்லிய தோலை இழுத்துக் கட்டி நீண்ட கைப்பிடி பொருத்தியது. நம்மவருக்கு ஒரே வாக்கியத்தில் விளங்கவைக்கலாம்: கஞ்சிராவுக்குக் கைப்பிடி வைத்தால் எப்படியிருக்குமோ அப்படி. சலங்கைத் தட்டு மட்டும் இராது. ஆகவே அது பாதி மட்டை, பாதி வாத்தியம்.

அந்த வாத்தியத்துக்கு ஏற்ற பந்து 1900ஆம் ஆண்டை ஒட்டி வந்து சேர்ந்தது. அதன் பொருள் செல்லுலாய்டு. யானைத் தந்தத்தில் கடைந்த பில்லியர்ட்ஸ் பந்துக்கு மாற்றுத் தேடிய அமெரிக்கர் ஜான் வெஸ்லி ஹையாட் 1870ஆம் ஆண்டை ஒட்டி அதனை உருவாக்கினார். அமிலத்தில் பதப்படுத்திய பஞ்சுப் பொருளோடு கற்பூரத்தைச் சேர்த்துச் செய்வது அது. இளமையில் உடைந்த பந்தைக் கொளுத்திப் பார்த்தவர்கள், குப்பென்று பற்றிய தீயையும் கோயில் வாசனையையும் ஒருங்கே நினைவுகூர்வார்கள். பழைய திரைப்படச் சுருள்களும் இதே பொருளால் ஆனவையே. அதனால்தான் அவற்றைத் தகரப் பெட்டியில் அடைத்துத் தனிக் கவனத்தோடு ஏற்றும் முறை எங்கள் பார்சல் உலகில் இருந்துவந்தது. நிற்க.

ஜேம்ஸ் கிப் என்னும் ஆங்கிலேயர் அமெரிக்கா சென்றிருந்தபோது செல்லுலாய்டினால் ஆன விளையாட்டுப் பந்துகளைக் கண்டு தம் ஊருக்குக் கொண்டுவந்தார் என்றும், தோல்மட்டையில் அப்பந்து பட்டெழும் ஓசையைக் கேட்டு ‘பிங்-பாங்’ என்ற பெயரைச் சொன்னவரும் அவரே என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. பெயரை முதலில் உச்சரித்த வாய் எதுவாயினும் ஆகுக. அதை ஈன்றது செல்லுலாய்டும் தோலும் கூடிய ஓசை என்பதில் ஐயமில்லை. உள்ளீடற்ற இலேசான பந்து, முறுக்கிக் கட்டிய தோல், அடியில் பளபளப்பான மரமேசை. மூன்றும் சேர்ந்தால் கூடமே முழங்கியிருக்கும்.

அக்காலத்தில் இவ்வாட்டத்தை விற்ற வாணிகர் ஒவ்வொருவரும் ஒவ்வோர் ஓசைப் பெயரைத் தேடினர். ‘விஃப்-வாஃப்’ என்றார் ஒருவர்; ‘பிம்-பாம்’ என்றார் ஒருவர்; ‘ஃப்ளிம்-ஃப்ளாம்’ என்றார் இன்னொருவர். எல்லாம் அதே இகர முதல் அச்சுத்தான். 2008ஆம் ஆண்டில் பெய்ஜிங் ஒலிம்பிக் விழா முடிவில் அன்றைய லண்டன் மேயர் போரிஸ் ஜான்சன், இவ்வாட்டம் ஆங்கிலேயரின் சாப்பாட்டு மேசையில் பிறந்தது, அதன் பெயர் ‘விஃப்-வாஃப்’ என்று வேடிக்கையாகப் பேசினார். பிறந்த இடம் சரி. ஆனால் ‘விஃப்-வாஃப்’ தாய்ப்பெயர் அன்று, கடைவீதியில் போட்டிக்கு வந்த பெயர்களுள் ஒன்றே. அப்போட்டியில் வென்றது ‘பிங்-பாங்’. காரணம் வெளிப்படை. மற்றவை சொல்லுக்காகக் கட்டிய ஓசை. இது கேட்ட ஓசை.

வென்ற பெயரை விட்டுவைப்பார்களா? 1900-1901இல் ஜேக்ஸ் நிறுவனத்தாரும் ஹாம்லி நிறுவனத்தாரும் அதனைத் தம் வணிகக் குறியாக உரிமையாக்கிக்கொண்டனர். அமெரிக்காவில் அவ்வுரிமை பார்க்கர் சகோதரர்கள் நிறுவனத்துக்குச் சென்றது. பந்து மட்டையில் பட்டால் எழும் சத்தத்துக்கு உரிமையாளர் ஒருவர் இருக்கக்கூடும் என்பது, இன்று நினைத்தாலும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது. சலசல என்பதை ஓர் ஆற்றங்கரைக் கடைக்காரர் பதிவு செய்துகொண்டால் நாம் என்ன செய்வோம்?

ஆங்கிலேயர் செய்தது இது. 1901ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், சில நாள் இடைவெளியில், லண்டனில் இரண்டு சங்கங்கள் தோன்றின. ஒன்று பிங்-பாங் சங்கம். மற்றொன்று டேபிள் டென்னிஸ் சங்கம். ஆட்டம் ஒன்றே, பெயர் இரண்டு. (வெளியூரில் இரு தமிழ்ச் சங்கங்கள் தோன்றுவதைக் கண்டு நகைப்பவர்கள் இதையும் கருத வேண்டும்.) பிங்-பாங் என்று சொன்னால் உரிமையாளரின் பெட்டியில் வரும் மட்டையும் பந்துமே வேண்டும், டேபிள் டென்னிஸ் என்றால் எவரிடமும் வாங்கலாம். சில ஆண்டுகளில் இரு சங்கங்களும் இணைந்தன. ஆனால் அதற்குள் ஆட்டத்தின்மேல் இருந்த மோகமே வடிந்துவிட்டது. 1904ஆம் ஆண்டையொட்டி மேசைகள் மீண்டும் சாப்பாட்டுக்கே திரும்பின.

அந்தக் குறுகிய காலத்திலேயே சொல்லுக்கும் ஓசைக்கும் முதல் பிரிவு நேர்ந்துவிட்டது. குட் என்னும் ஆட்டக்காரர் மருந்துக் கடைக்குச் சென்றாராம். சில்லறைக் காசு வைப்பதற்காக மேசைமேல் விரித்திருந்த, சிறு முளைகள் கொண்ட ரப்பர் விரிப்பு அவர் கண்ணில் பட்டதாம். அதை வாங்கிச் சென்று மர மட்டையில் ஒட்டி ஆடி, எதிரிகளைத் திணறடித்தாராம். கதை மெய்யோ புனைவோ, முளை ரப்பர் ஒட்டிய மட்டை 1902ஆம் ஆண்டையொட்டி ஆட்டத்துக்குள் வந்தது மெய். பந்தைச் சுழலவிட அது உதவியது. தோல்மட்டை பரண்மேல் ஏறியது. ரப்பர் மட்டையில் எழுவது ‘பிங்’ அன்று. மரங்கொத்தி மெல்லத் தட்டுவது போன்ற ‘டொக்’. பெயர் பிறந்து இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே பெயருக்குக் காரணமான ஓசை போயிற்று. எனினும் ‘டொக்-டொக்’ என்பதும் ஓசைதானே. ஆடுவோர் இருவருக்கும் அது கேட்டது, பார்ப்போருக்கும் கேட்டது.

1920களின் தொடக்கத்தில் ஆட்டம் இங்கிலாந்தில் மறுபிறவி எடுத்தது. பிங்-பாங் என்ற பெயரிலேயே சங்கத்தைப் புதுப்பிக்க முனைந்தவர்கள், அப்பெயர் வணிகக் குறியாகக் கட்டுண்டு கிடப்பதைக் கண்டு டேபிள் டென்னிஸ் என்ற பெயருக்கே மாறினர். ஐவர் மாண்டேகு என்ற இளைஞர் முன்னின்று உழைக்க, 1926ஆம் ஆண்டு டிசம்பரில் லண்டனில் சர்வதேசச் சம்மேளனம் அமைந்தது. முதற்கோப்பையை அளித்தவர் அவர் தாயார் சுவேத்லிங் சீமாட்டி. அப்போட்டியை ஐரோப்பியப் போட்டி என்றே நடத்த எண்ணியிருந்தனர். லண்டனில் அப்போது இருந்த இந்தியர்கள் நம் நாட்டின் பெயரால் கலந்துகொண்டதனால், அதனை ஐரோப்பியப் போட்டி என்று அழைக்க இயலாமற் போயிற்று. அதுவே முதல் உலகப் போட்டி என்று பதிவாகியிருக்கிறது. நம்மவர் மேசை முன் நின்றதனால் ‘ஐரோப்பா’ ‘உலகம்’ ஆயிற்று என்பது நாம் மகிழ்வோடு சொல்லிக்கொள்ளத்தக்க செய்தி.

அமெரிக்காவில் பெயர்ச் சண்டை இன்னும் கடுமையாக இருந்தது. 1930இல் அங்கே அமைந்த பிங்-பாங் சங்கம் பார்க்கர் நிறுவனத்தின் நிழலில் இயங்கியது. அதன் போட்டிகளில் அந்நிறுவனத்தின் பொருள்களையே பயன்படுத்த வேண்டும். மனம் கசந்தவர்கள் 1933இல் டேபிள் டென்னிஸ் சங்கம் என்று தனியே தொடங்கினர். ஒரு பெயரை உடைமையாகப் பூட்டி வைத்தவர்கள், அந்தப் பூட்டினாலேயே அதை ஆட்டத்திலிருந்து வெளியே நிறுத்திவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அதிகாரபூர்வமான போட்டி எதிலும் இன்று ‘பிங்-பாங்’ என்ற பெயர் இல்லை. தமிழில் நாம் சொல்லும் ‘மேசைப் பந்தாட்டம்’ என்பதும் அந்த வழக்குக்கு அஞ்சிய பெயரின் வழிவந்ததே. இத்தனை இரட்டைக்கிளவிகளை உடைய நாம் ஓசைப் பெயர் ஒன்றைக் கட்டிக்கொள்ளாமல் போனது எனக்குச் சிறிது வருத்தமே.

இனி நம் நகரத்துச் செய்திக்கு வருகிறேன்.

1952ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் உலகப் போட்டி பம்பாயில் நடைபெற்றது. ஆசியாக் கண்டத்தில் அது நடந்தது அதுவே முதல் முறை. அதுவரை இவ்வாட்டத்தின் முடியரசர்கள் ஹங்கேரியரும் செக்கோஸ்லோவாக்கியரும் ஆங்கிலேயருமே. போரில் தோற்று நொந்திருந்த ஜப்பானிலிருந்து ஒரு சிறிய அணி வந்திருந்தது. அதில் ஹிரோஜி சாட்டோ என்பவர் ஒருவர். மூக்குக்கண்ணாடி அணிந்த, மெலிந்த மனிதர். அவரை எவரும் பொருட்படுத்தவில்லை. அவர் மட்டையை எடுத்தபோதுதான் அனைவரும் நிமிர்ந்தனர். மட்டையில் முளை ரப்பர் இல்லை. பஞ்சு போன்ற தடித்த நுரை ரப்பர் ஒட்டியிருந்தது.

அந்த மட்டையில் பந்து பட்டால் ஓசை எழவில்லை.

ஓசைக்கும் ஆட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று ஆடிப் பழகாதவர்கள் கேட்கலாம். தொடர்பு பெரிது. எதிராளி எவ்வளவு வலிமையோடு அடித்தார், தேய்த்து அடித்தாரா, நேரே தட்டினாரா என்பதைக் கண் அறிவதற்கு முன்பே காது அறிந்துவிடும். கால் நகர்வதே அந்த ஒலியைக் கேட்டுத்தான். ஒலி இல்லாவிட்டால் ஆட்டத்தின் தாளமே அறுந்துபோகும். போதாக்குறைக்கு, நுரையில் பந்து அமிழ்ந்து கவணிலிருந்து விடுபட்டதுபோல் திரும்பியது. அமெரிக்காவின் மார்ட்டி ரெய்ஸ்மன் உள்ளிட்ட பெருவீரர்கள் சாட்டோவிடம் வீழ்ந்தனர். இறுதியாட்டத்தில் ஹங்கேரியின் யோசெஃப் கோட்சியானை வென்று சாட்டோ உலக வீரரானார். ஆடவர் ஒற்றையரில் அப்பட்டம் பெற்ற முதல் ஜப்பானியர் அவரே. அவ்வாண்டு நடந்த ஏழு பிரிவுகளில் நான்கில் ஜப்பானே வென்றது.

நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர், தொண்ணூறை நெருங்குகிறவர், பள்ளிச் சிறுவராக இருந்தபோது அப்போட்டியை நேரில் கண்டவர். அவர் தந்தையாரும் ரெயில்வேக்காரர். யாரோ கொடுத்த அனுமதிச் சீட்டில் மகனை அழைத்துச் சென்றிருக்கிறார். பெரியவரின் பெயரைக் குறிப்பிட அவர் இசையவில்லை. ஆனால் கதையை மட்டும் பலமுறை கூறியிருக்கிறார்.

“தம்பி, ஒரு பக்கம் ‘டொக்’குனு கேக்கும். மறு பக்கம் ஒண்ணுமே கேக்காது. பந்து மட்டும் திரும்பி வரும். எங்க அப்பா என்னைப் பார்த்து, ‘ஏண்டா, மட்டையிலே பட்டுதா இல்லையா?’னு கேட்டார். எனக்கும் தெரியலை. பக்கத்திலே இருந்தவங்களுக்கும் தெரியலை.”

“கை தட்டினார்களா ஐயா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“தட்டினாங்க. ஆனா எப்போ தட்டணும்னு யாருக்கும் பிடிபடலை” என்றார்.

எத்தனையோ நூல்களிலும் செய்திகளிலும் பம்பாய்ப் போட்டியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். இந்த மூன்று வரிகளில் உள்ள செய்தி எனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை.

சாட்டோ மீண்டும் அப்பட்டத்தை வென்றாரில்லை. எதிராளிகள் அந்த மௌனத்துக்கும் பழகிக்கொண்டனர். ஆனால் அவர் நாட்டவரான இச்சிரோ ஓகிமுரா 1954இலும் 1956இலும் உலகப் பட்டம் வென்று, நுரை மட்டை ஓர் ஆளின் தந்திரமன்று என்று காட்டினார். ஓசையற்ற மட்டையைத் தடை செய்ய வேண்டுமென ஐரோப்பாவில் கூக்குரல் எழுந்தது. 1959இல் சர்வதேசச் சம்மேளனம் ஒரு சமரசம் செய்தது. வெறும் நுரை கூடாது. நுரையின்மேல் ரப்பர்த் தாள் ஒட்டிய மட்டையை அனுமதிக்கலாம். இரண்டும் பசையும் சேர்ந்து 4 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது. இன்று நாம் இன்ஸ்டிட்யூட்டில் எடுக்கும் மட்டை இந்தச் சமரசத்தின் குழந்தையே. அதன் ஓசை ‘பிங்’கும் அன்று, ‘டொக்’கும் அன்று, மௌனமும் அன்று.

ரெய்ஸ்மனோ சமரசத்தை ஏற்கவில்லை. வாழ்நாள் முழுதும் பழைய முளை ரப்பர் மட்டையையே உயர்த்திப் பேசினார். 1997இல், தம் 67ஆம் வயதில், அவ்வகை மட்டைக்கென நடந்த அமெரிக்கத் தேசியப் போட்டியில் வென்றும் காட்டினார். 2012இல் மறைந்தார். பம்பாயில் தோற்றவர் நாற்பத்தைந்து ஆண்டு கழித்து அந்தத் தோல்விக்கு விடை சொன்னதாகவே நான் இதைக் கொள்கிறேன்.

இப்படி ஆங்கிலேயரின் சங்கங்கள் கைவிட்ட ஓசைப் பெயரை ஆசையோடு எடுத்து வளர்த்தவர்கள் சீனர். அவர்கள் மொழியில் ஆட்டத்தின் பெயரே ‘பிங்-பாங்’ தான். அதை எழுதும் இரண்டு எழுத்துகளும் ஆட்டம் வருவதற்கு முன்பே மோதல் ஓசையைக் குறிக்க அங்கே வழங்கியவை. அவற்றின் வடிவம் வெகு அழகானது. போர்வீரனைக் குறிக்கும் சீன எழுத்தின் அடியில் கால்போல் இரண்டு சிறு கோடுகள் உண்டு. வலக்கால் இல்லாவிட்டால் அது ‘பிங்’. இடக்கால் இல்லாவிட்டால் ‘பாங்’. ஒற்றைக்கால் வீரர் இருவர் மேசையின் இருபுறமும் நிற்பது போலவே தோன்றும். குண்டின் கீச்சொலியாக ஆங்கிலத்தில் தொடங்கிய ‘பிங்’, சீன எழுத்திலும் ஒரு போர்வீரனின் உருவில் வந்து நிற்பது தற்செயலே. ஆயினும் நினைக்க இனிக்கிறது.

1959இல் ரோங் குவோதுவான் சீனாவின் முதல் உலக வீரரானார். 1971ஆம் ஆண்டு ஏப்ரலில் ஜப்பானின் நகோயாவில் உலகப் போட்டி நடந்தபோது, அமெரிக்க ஆட்டக்காரர் கிளென் கோவன் சீன அணியின் பேருந்தில் ஏறிவிட்டார். மூன்று முறை உலகப் பட்டம் வென்ற சுவாங் சேதோங் எழுந்து வந்து அவருக்குப் பட்டுத் துணிச் சித்திரம் ஒன்றைப் பரிசளித்தார். சில நாள்களில் அமெரிக்க அணிக்கு அழைப்புச் சென்றது. ஏப்ரல் 10ஆம் நாள் அவர்கள் சீன மண்ணில் கால் வைத்தனர். 1949 முதல் முகம் திருப்பி நின்ற இரு அரசுகளும் அதன் பின் பேசத் தொடங்கின. 1972 பிப்ரவரியில் அதிபர் நிக்சனே பெய்ஜிங் சென்றார். உலகச் செய்தித்தாள்கள் இதற்கு இட்ட பெயர் ‘பிங்-பாங் ராஜதந்திரம்’. ‘டேபிள் டென்னிஸ் ராஜதந்திரம்’ என்று எவரும் எழுதவில்லை. வணிகக் குறியும் சங்க விதியும் செய்தித்தாளின் தலைப்பைக் கட்டுப்படுத்தவில்லை.

பந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2000ஆம் ஆண்டு அக்டோபரில் பந்தின் குறுக்களவு 38 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆயிற்று, எடை 2.5 கிராமிலிருந்து 2.7 ஆயிற்று. 2014இல் சர்வதேசப் போட்டிகளில் செல்லுலாய்டே விடைபெற்று, வேறு பிளாஸ்டிக் பந்து வந்தது. செல்லுலாய்டு எளிதில் தீப்பற்றும் என்பது கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. புதுப்பந்தின் சத்தத்தைக் கேட்டு, விரிசல் விட்ட பந்தென்று எண்ணி உலக வீரர்களே குறைப்பட்டுக்கொண்டனர். ஆக, ஓசையை ஈன்ற தோல் முதலில் போயிற்று. பின்பு பந்தும் போயிற்று.

முன்பாதியான ‘பிங்’ மட்டும் இதற்கிடையில் தனியே பிழைத்துக்கொண்டது. இரண்டாம் உலகப் போரில் கடலடியில் மறைந்திருக்கும் நீர்மூழ்கியைக் கண்டறிய, கப்பலிலிருந்து ஒலியை அனுப்பி அது மோதித் திரும்புவதைக் கேட்டனர். மாலுமிகள் அவ்வொலியை ‘பிங்’ என்றே அழைத்தனர். 1983ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்க இராணுவ ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய மைக் மூஸ் என்பவர், வலையமைப்பில் ஒரு கணினி உயிரோடு இருக்கிறதா என்று அறிய ஒரு சிறு நிரல் எழுதினார். செய்தியை அனுப்பி, அது திரும்பி வருகிறதா என்று பார்ப்பதே அதன் வேலை. கடலடி ஒலியை நினைத்து அதற்கு ‘பிங்’ என்று பெயரிட்டார். எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி, “அண்ணா, வண்டி வந்ததும் எனக்கு ஒரு பிங் பண்ணுங்க” என்று சொல்லும்போது, அதில் ஓசையே கிடையாது. கைப்பேசியைக்கூட அவர் ஒலியடக்கித்தான் வைத்திருப்பார்.

இவ்வளவும் எழுதிய பின் எனக்கு ஓர் ஆசை எழுந்தது. பெயரைப் பெற்ற அந்த முதல் ஓசை எப்படித்தான் இருந்தது? என்னிடம் பழைய செல்லுலாய்டுப் பந்துகள் சில மீதியிருந்தன. சென்ற மாதம் சங்கத்தில் பஜனை ஒத்திகை முடிந்ததும், கஞ்சிரா வாசிக்கும் அன்பரிடம் கெஞ்சி அவர் வாத்தியத்தைக் கடன் வாங்கினேன். நீர் தடவாத, உலர்ந்து முறுகிய தோல். “கிழிச்சுடாதீங்க சார்” என்று அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டார். பெரியவரும் அன்று வந்திருந்தார். அவருக்கு இப்போது செவி மந்தம். கருவி வாங்கிக் கொடுத்தும் அணிவதில்லை. நாற்காலியை இழுத்து மேசையருகே போட்டுக்கொண்டு, வலக்காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார்.

சலங்கைத் தட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பந்தைத் தூக்கிப் போட்டுக் கஞ்சிராவால் தட்டினேன். கூடத்தில் பாய் சுருட்டிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

“ம்... ‘பிங்’கு சரி” என்றார் பெரியவர். “‘பாங்’கு எங்கே?”

பந்து அதற்குள் மேசையில் விழுந்து, துள்ளி, அலமாரியின் அடியில் உருண்டு போய்விட்டிருந்தது. கஞ்சிராக்காரர் தம் வாத்தியத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். நான் குனிந்து பந்தைத் தேடத் தொடங்கினேன்.